தொட்டிக்கு எழுதிய போர்டு

மார்ச் 3

தங்கைக்கு,

போனில் நீ குறுக்கே பேசுகிறாய், நான் கத்துகிறேன், கடைசியில் யாராவது ஒருவர் வெடுக்கென்று வைத்துவிடுகிறோம். போன மாதம் வைத்தது நீ. ஆகவே இனிமேல் கடிதம்தான். போர்டு எழுதிப் பிழைக்கிறவனுக்குக் கடிதம் எழுதக் கூலி கிடையாது. ஆனால் ஒரு வசதி உண்டு. கடைசி வரி வரைக்கும் நீ வாயை மூடிக்கொண்டு கேட்டாக வேண்டும்.

நல்ல சேதி முதலில். தண்ணீர் வந்துவிட்டது! நம் மேட்டுத் தெருவுக்கும் அகதி முகாமுக்கும் நடுவில் இருந்த கல்லுக்காட்டில் பெரிய தொட்டி கட்டிவிட்டார்கள். தொட்டியடியில் ஒரே வரிசையாகக் குழாய்கள். பன்னிரண்டு வருடமாக மனு எழுதியவன் யார்? உன் அண்ணன். ஒரு பயல் கூடக் கையெழுத்துப் போட வராத காலத்தில் தனியாகப் போய்க் கொடுத்துவிட்டு வந்தவன் யார்? அதே ஆள்தான். கடைசி மனு கொடுத்துச் சில மாதங்களில் குழி தோண்ட ஆட்கள் வந்துவிட்டார்கள். தெருவே இப்போது என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறது. டீக்கடைக்காரர் காசு வாங்க மறுக்கிறார். நான் குடத்தோடு போனால் வரிசை தானாக விலகி வழி விடுகிறது. உன் அண்ணி மட்டும், "ரொம்ப ஆடாதீங்க, தண்ணி சிந்தும்" என்கிறாள். அவளுக்கு இடுப்பு வலி குறைந்திருக்கிறது. நாக்கு குறையவில்லை.

தொட்டிக்குப் போர்டு எழுதும் வேலையும் எனக்கே வந்தது. நீ வேலை பார்க்கிற நிவாரண ஆபீஸின் என்ஜினீயர்தான் வந்து வாசகம் கொடுத்தார். "முகாமில் இருப்பவர்களுக்காகக் கட்டப்பட்ட தொட்டி. இதில் ஊர் மக்களுக்கும் பங்கு தரப்படுகிறது." படித்ததும் சிரித்துவிட்டேன். ஆபீஸில் எவனோ தூக்கக் கலக்கத்தில் தலைகீழாக எழுதிவிட்டான். கொடுக்கிறவர் தப்பாகக் கொடுத்தால் திருத்தி எழுதுவது என் வழக்கம் என்று உனக்கே தெரியும். செருப்புக் கடைக்காரர் "எங்கள் செருப்பு உங்களுக்காகக் காத்திருக்கிறது" என்று எழுதச் சொன்னபோது நான் அப்படியே எழுதியிருந்தால் அவர் கடை இன்று இருந்திருக்குமா?

ஆகவே மேலே சிவப்பில், நிழல் விழுகிற மாதிரி, ஆள் உயர எழுத்தில் "நம் ஊர்த் தண்ணீர்" என்று போட்டேன். கீழே நீலத்தில், மெல்லிசாக, "முகாமில் உள்ளவர்களும் பிடித்துக்கொள்ளலாம்." பெருந்தன்மையாக இருக்கிறதல்லவா? ரெண்டு வருடத்துக்கு முன் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கியவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஒன்றுதான் உறுத்துகிறது. தண்ணீர் திறக்கிற சாவியை முகாமைச் சேர்ந்த ஒருத்தியிடம் கொடுத்திருக்கிறார்கள். வால்வு அம்மா என்று தெருவில் பேர் வைத்துவிட்டார்கள். நம் தொட்டிக்குச் சாவி அவள் இடுப்பிலா? உன் ஆபீஸில் சொல்லி வை.

அண்ணன்

*

மார்ச் 15

அண்ணாவுக்கு,

இங்கே நானும் என் இருமலும் நலம். அண்ணியின் இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் தொடரட்டும். தண்ணீர்தான் இப்போது இருக்கிறதே.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சிரித்தேன். இரண்டாம் முறை சிரிப்பு வரவில்லை. தூக்கக் கலக்கத்தில் எழுதிய அந்த ‘எவன்’ நான்தான். அந்த இரண்டு வரிகளை எழுத எனக்கு ஒரு வாரம் ஆனது. அந்த வாரம் நான் நன்றாகத்தான் தூங்கினேன், அது வேறு விஷயம்.

போனில் சொல்ல வந்ததும் இதுதான். நீங்கள் கத்தியதால் வைத்துவிட்டேன். தொட்டி முகாமுக்காக வந்தது, அண்ணா. முகாம் இல்லையென்றால் அந்தக் கல்லுக்காட்டில் ஒரு செங்கல் கூட இறங்கியிருக்காது. பக்கத்தில் இருக்கிற ஊரை வெறும் வாயோடு பார்க்க வைக்கக் கூடாது என்று எங்கள் ஆபீஸில் ஒரு விதி உண்டு. முகாமுக்கு எது போனாலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஊருக்கும் போக வேண்டும். அந்தப் பங்குதான் உங்கள் குடத்தில் விழுகிறது. உங்கள் மனுவும் இதுவும் ஒரே நேரத்தில் நடந்தது, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. கோபப்படாதீர்கள். சொல்லாமல் இருந்தாலும் கோபப்படுவீர்கள்.

போர்டின் படம் வந்தது. என் மேலதிகாரிக்கு நம் எழுத்து படிக்கத் தெரியாது. வெகு நேரம் பார்த்துவிட்டு, "நிறம் நன்றாக இருக்கிறது" என்றார். நான் தலையாட்டினேன்.

அதை மாற்றி எழுதிவிடுங்கள். ஏன் சொல்கிறேன் என்றால், இந்த வேலையில் நான் பார்த்தது ஒன்று உண்டு. முகாமால்தான் ஊருக்கும் கிடைத்தது என்று தெரிந்த இடங்களில் ஊர்க்காரர்கள் வந்தவர்களைக் கொஞ்சம் நல்ல கண்ணோடு பார்க்கிறார்கள். தெரியாத இடங்களில், நம்முடையதைத் தின்ன வந்தார்கள் என்கிறார்கள். நீங்கள் எழுதியிருக்கிற போர்டு சொல்லாமல் விடுவதோடு நிற்கவில்லை. தலைகீழாகச் சொல்கிறது. அவ்வளவு பெரிய எழுத்தில், நிழலோடு.

தங்கை

*

மார்ச் 24

தங்கைக்கு,

நான் காக்கை. தொட்டி பனம்பழம். நன்றாக இருக்கிறது. படிக்க வைத்ததற்கு நல்ல மரியாதை.

உன் அண்ணியிடம் படித்துக் காட்டினேன். அவள் காக்கை என்ற இடத்தில் சிரித்தாள். பனம்பழத்தில் நிறுத்திக்கொண்டாள்.

சரி, நீ சொல்வது நிஜம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது எனக்குக் கோபம் இன்னும் அதிகமாகிறது. பன்னிரண்டு வருடம் இந்தத் தெரு தாகத்தோடு இருந்தது. உன் அண்ணி ஒரு குடம் தண்ணீருக்கு ஓடைக்கு இறங்கி ஏறியே இடுப்பை ஒடித்துக்கொண்டாள். அப்போது நாங்கள் யார் கண்ணிலும் படவில்லை. யாரோ எங்கிருந்தோ வந்து இறங்கியதும் உலகத்துக்கே நம் கல்லுக்காடு கண்ணில் பட்டுவிட்டது. அவர்கள் தாகம் தாகம். எங்கள் தாகம் மிச்சத் தாகம், அதற்கு மூன்றில் ஒரு பங்கு. இதை நானே என் கையால், என் பெயிண்டால், எங்கள் தெருவுக்கே எழுதிக் காட்ட வேண்டுமா? மாட்டேன்.

இன்னொன்று. தண்ணீர் கொடுத்து அவர்கள் மேல் எங்களுக்குப் பிரியம் வரவழைக்கப் பார்க்கிறீர்கள். தண்ணீர் காட்டி வாங்குகிற பிரியம் தொட்டி வற்றினால் கூடவே வற்றாதா? ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று எவர் காசிலோ வாரி வழங்குகிற உங்கள் ஆபீஸுக்கு இது புரியாது.

போர்டில் என்ன இருக்கிறது? தகரம், அதன் மேல் எனாமல். அதைப் பார்த்து யாருக்கு என்ன வந்துவிடப் போகிறது? நாட்டுநடப்பு சொல்கிறேன் கேள். வெயில் ஏறிவிட்டது, தொட்டியில் மட்டம் இறங்குகிறது. டயர்க்கடைக்காரர் நேற்று டீக்கடையில், "நம்ம தண்ணியக் குடிச்சிட்டு நம்மளையே வரிசையில நிக்கச் சொல்றா அந்தம்மா. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டின கதைதான்" என்றார். எல்லோரும் ஆமாம் போட்டார்கள். நானும் போட்டேன்.

போர்டு காய்ந்துவிட்டது. காய்ந்தது காய்ந்ததுதான்.

அண்ணன்

*

ஏப்ரல் 9

அண்ணாவுக்கு,

பதில் எழுத உட்கார்ந்து மூன்று தாள் கிழித்துவிட்டேன். நீங்கள் சொன்ன தாகக் கணக்கில் தப்பு இல்லை. அதுதான் உண்மை. நானும் அந்த ஓடையில் இறங்கி ஏறினவள்தானே. எங்கள் கூட்டத்தில் ஒருவர் "பங்கு" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அண்ணியின் குடம்தான் நினைவுக்கு வரும். வாயைத் திறக்க மாட்டேன். திறந்தால் எந்தப் பக்கத்து ஆளாகப் பேசுவேன் என்று எனக்கே தெரியாது.

பிரியம் வற்றுமா என்று கேட்டீர்கள். தெரியவில்லை. வேறொரு ஊரில், முகாம் மருந்தில் பங்கு கிடைத்த ஒரு பெண், "மருந்து கிடைச்சதுல இருந்து அவங்க மேல கோபம் இல்ல" என்று சொன்னார். என் மேலதிகாரி அதை அறிக்கையில் கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு அது பிரியமாகப் படவில்லை. சரி, கோபம் இல்லாமல் இருப்பதே பெரிய விஷயமோ? அல்லது மருந்து தீர்ந்ததும் கோபம் பழையபடி வந்து உட்கார்ந்துகொள்ளுமோ? இதையெல்லாம் ஆபீஸில் கேட்டால் என்னை வேலைக்கு லாயக்கில்லாதவள் என்பார்கள். உங்களிடம் கேட்கிறேன்.

இப்போது முக்கியமானது. இதை வெளியில் சொல்லாதீர்கள், மிரட்டல் போல ஆகிவிடும். ஊருக்கான நேரம் முடிந்த பிறகும் குழாயை மூட விடுவதில்லை என்றும், முகாமுக்குப் போவதற்குள் தொட்டி காலியாகிவிடுகிறது என்றும் இங்கே புகார் வந்திருக்கிறது. இது தொடர்ந்தால் குழாய் வரிசையை முகாமுக்குள்ளேயே கொண்டுபோய்விட்டு, ஊர்ப்பக்கம் அடைத்துவிடலாம் என்று பேசுகிறார்கள். அண்ணி மறுபடி ஓடைக்குப் போக வேண்டியிருக்கும்.

நீங்கள் காலையில் ஒரு நாளாவது போய், வரிசையில் முன்னால் போகாமல், ஓரமாக நின்று என்ன நடக்கிறது என்று பாருங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

தங்கை

*

ஏப்ரல் 20

தங்கைக்கு,

போனேன். போயிருக்கக் கூடாது. இல்லை, முன்பே போயிருக்க வேண்டும். எதுவென்று தெரியவில்லை.

ஊருக்கான நேரம் முடிந்ததும் அந்த அம்மா வால்வை மூட வந்தார். டயர்க்கடைக்காரருக்கு இன்னும் ரெண்டு டிரம் நிரப்ப வேண்டியிருந்தது. "நேரம் ஆச்சுங்க, அவங்க காத்திருக்காங்க" என்றார் அந்த அம்மா. மெதுவாகத்தான் சொன்னார். டயர்க்கடைக்காரர் அவர் கையைப் பிடித்து இழுத்து என் போர்டுக்கு நேராகத் திருப்பினார். "படிக்கத் தெரியுமா உனக்கு? என்ன போட்டிருக்கு பாரு. நம்ம ஊர்த் தண்ணி. உனக்கு ஏதோ போனாப் போகுதுன்னு விடறோம்." சாவியைப் பிடுங்கினார். அந்த அம்மா விடவில்லை. தள்ளியதில் குழாய் மேடையில் விழுந்தார். மணிக்கட்டு ஒடிந்துவிட்டது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

வரிசையில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். தண்ணீர் கொண்டு வந்தவன் அல்லவா, நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தார்கள். நான் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு நன்றாகத்தான் வந்திருக்கிறது. தூரத்தில் இருந்தே படிக்கலாம்.

உன் அண்ணியும் வரிசையில் இருந்தாள். குடத்தை அப்படியே வைத்துவிட்டு அந்த அம்மாவைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாள். அன்றிலிருந்து என்னிடம் பேசவில்லை. சாப்பாடு போடுகிறாள், தட்டு பேசுகிறது.

இப்போது சாவி டயர்க்கடைக்காரரிடம் இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு பள்ளிக்கூடக் கூடத்தில் ஊர்க்கூட்டம். முகாமுக்குத் தண்ணீரை நிறுத்திவிட்டு, சாவியை ஊரே வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்யப் போகிறார்கள். முதலில் பேச வேண்டியது நான். நான் என்ன சொல்கிறேனோ அதுதான் நடக்கும் என்கிறார்கள்.

உன் மேல் இன்னும் கோபம் தீரவில்லை. ஆனாலும் கேட்கிறேன். கேலி இல்லாமல், பழமொழி இல்லாமல் சொல். அந்தத் தொட்டியில் என் மனுவுக்குத் துளியாவது பங்கு உண்டா?

அண்ணன்

*

ஏப்ரல் 26

அண்ணாவுக்கு,

இல்லை.

தொட்டியை எங்கே கட்டுவது என்று முடிவு செய்த கூட்டத்தில் நான் இருந்தேன். அது உங்கள் கடைசி மனுவுக்கு வெகு முன்னால். உங்கள் மனுக்கள் போனது அரசாங்கத்தின் வேறு ஆபீஸுக்கு. எங்கள் ஆட்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கல்லுக்காட்டை வரைபடத்தில் காட்டி, "இங்கே ஊர் எவ்வளவு தூரம்?" என்று கேட்டார்கள். நான்தான், "கூப்பிடு தூரம், என் அண்ணன் வீடு அங்கேதான் இருக்கிறது" என்றேன். என் பேச்சால் எதுவும் மாறவில்லை, இடம் முன்பே குறித்திருந்தார்கள். ஆனாலும் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. ஆகவே பெருமைப்பட்டதில் நீங்கள் மட்டும் தனி ஆள் இல்லை.

அந்த அம்மாவின் கை பற்றிய சேதி இங்கேயும் வந்தது. நான் மேலதிகாரியிடம் போய் உங்கள் போர்டை வரி வரியாக வாசித்துக் காட்டிவிட்டேன். முழுப் பூசணிக்காயை எத்தனை நாளைக்குச் சோற்றில் மறைப்பது? அவர் முகம் மாறிவிட்டது. எழுதியது யார் என்று கேட்டார். உள்ளூர்க்காரர் ஒருவர் என்றேன். அது பொய் இல்லை.

இங்கிருந்தே புதுப் போர்டு அச்சடித்து அனுப்பப் போகிறார்களாம். முகாம் மக்களின் பெயரால் ஊருக்குத் தரப்படும் தண்ணீர் என்று, உங்கள் எழுத்தைவிடப் பெரிய எழுத்தில். நான் கெஞ்சி ஒரு மாதம் தவணை வாங்கியிருக்கிறேன். அதற்குள் நீங்களே மாற்றினால் நல்லது. மாற்றுவதற்கு முன் ஒரு காரியம். இத்தனை பேர் அந்தப் போர்டைப் பற்றிப் பேசுகிறோம். நான் எழுதினேன், நீங்கள் திருத்தினீர்கள், மேலதிகாரி அச்சடிக்கிறார். அந்த அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. நீங்கள் கேட்டுவிட்டு வாருங்கள்.

கூட்டத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். உண்மையைச் சொன்னால் தெரு உங்களைப் பழையபடி பார்க்காது. சொல்லாவிட்டால் அண்ணி பார்க்க மாட்டார். எனக்கு இதில் யோசனை சொல்லும் அளவுக்குத் தெளிவு இல்லை, அண்ணா.

தங்கை

*

மே 4

தங்கைக்கு,

நேற்றுக் கூட்டம் முடிந்தது. ஒழுங்காக வரிசையாகச் சொல்லப் பார்க்கிறேன். என் தலைக்குள் எதுவும் வரிசையில் இல்லை.

முந்தின நாள் முகாமுக்குப் போனேன். அண்ணிதான் கூட்டிப்போனாள், அவளுக்கு வழி தெரிந்திருக்கிறது. இந்த ரெண்டு வாரமாகப் போய்வந்துகொண்டிருக்கிறாள் என்று அங்கே போனபிறகுதான் எனக்குத் தெரியும். தார்ப்பாய் போட்ட ஒற்றை அறை. அந்த அம்மா கட்டுப் போட்ட கையோடு எழுந்து நிற்கப் பார்த்தார். அவர் ஊரில் பஸ் கண்டக்டராக இருந்தவராம். நான் போர்டு விஷயத்தைச் சொல்லி, உங்கள் பேரைப் பெரிதாகப் போட்டு எழுதிவிடுகிறேன், இது உங்களால் வந்த தண்ணீர் என்று ஊருக்குத் தெரியட்டும் என்றேன். பெரிய மனசு பண்ணிச் சொல்லிவிட்ட நினைப்பு எனக்கு.

அவர் பதறிவிட்டார். "ஐயையோ, பேரெல்லாம் வேண்டாங்க. எங்க பேரப் போட்டா, எந்த இடத்துல கல்லெறியணும்னு எழுதி வச்ச மாதிரி ஆயிடும்."

"நன்றியா இருப்பாங்கம்மா" என்றேன்.

"அது அதவிட மோசம். கடன் குடுத்தவனக் கண்டா மனுஷன் தெரு மாறிப் போயிடுவான். இப்பத் திட்டறதுக்காகவாவது எங்க மூஞ்சியப் பாக்கறாங்க." பிறகு, "எந்த நேரம் யாருக்குன்னு மட்டும் எழுதுங்க. அது போதும். நான் வாயால சொன்னாச் சண்டை வருது" என்றார்.

நீ ஒரு வாரம் யோசித்து எழுதினாயே, அந்த வாசகம் அவருக்கு வேண்டாமாம். என்னுடையதும் வேண்டாமாம்.

கூட்டத்தில் எழுந்து நின்றேன். "இந்தத் தண்ணி நான் கொண்டு வந்தது இல்ல. என் மனுவை யாரும் பாக்கவே இல்ல. முகாமுக்காகக் கட்டின தொட்டி. நமக்குக் குடுக்கறது அவங்க பங்குல இருந்து வர்ற பங்கு. போர்டு நான் மாத்தி எழுதினது. அந்தம்மா கை ஒடிஞ்சது என் எழுத்தாலதான்." இவ்வளவுதான் பேசினேன். உட்காரும்போது நாற்காலி எங்கே என்று தெரியவில்லை.

பிறகு நடந்ததை நீ கேட்டால் சிரிப்பாயா அழுவாயா தெரியாது. ஒருவர், "அப்போ அவங்க போனா நம்ம தண்ணியும் போயிடுமா? அப்ப அவங்கள யாரும் தொடாதீங்கப்பா" என்றார். அது நல்ல பேச்சா கெட்ட பேச்சா? டீக்கடைக்காரர், "பிச்சைத் தண்ணி எனக்கு வேண்டாம்" என்று எழுந்து போனார். இன்று காலை முதல் குடம் அவருடையது. இன்னொருவர், "நம்ம ஆளுதான், நல்லவன்தான், ஆனா இத்தனை நாள் ஓசி டீ குடிச்சானே" என்றார். அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். முடிவு எதுவும் எடுக்காமல் ஆளாளுக்குக் கலைந்துவிட்டார்கள். ஆனால் இரவுக்குள் டயர்க்கடைக்காரரைப் பெற்ற தாயார் வந்து சாவியை எங்கள் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார். நானே முகாமுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இன்று விடிந்ததும் என் சிவப்பு எழுத்தை வெள்ளை அடித்து மறைத்தேன். ரெண்டு கை பூசியும் நிழல் தெரிகிறது. மூன்றாவது கை பூச வேண்டும்.

அண்ணன்

*

மே 13

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீஸில் வைத்துப் படித்தேன். நாற்காலி எங்கே என்று தெரியாமல் உட்கார்ந்ததைப் படித்தபோது அழுதுவிட்டேன். பக்கத்து மேசைக்காரி பல்வலியா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அந்த அம்மா சொன்னதை மேலதிகாரியிடம் சொன்னேன். அவர், "பிறகு எதற்காக நாம் பங்கு கொடுக்கிறோம் என்று யாருக்கும் தெரியாமலே போய்விடுமே" என்றார். அவர் கேட்டது நியாயம்தான். நீங்கள் கூட்டத்தில் சொன்னதால்தான் சாவி திரும்பி வந்தது. தெரியாமலே இருந்திருந்தால் வந்திருக்காது. ஆனால் அந்த அம்மா கேட்பதும் நியாயம்தான். தெரியவும் வேண்டும், எழுதவும் கூடாது என்றால் என்ன செய்வது? எனக்கு விளங்கவில்லை. அச்சடித்த போர்டு எங்கள் மாடிப்படி அடியில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. ஏறி இறங்கும்போதெல்லாம் அதைத் தாண்டித்தான் போகிறேன்.

இப்போது புதிதாக ஒரு தலைவலி. உங்கள் ஊரைப் பற்றி நான் அறிக்கை எழுத வேண்டும். வந்தவர்களைப் பற்றிய ஊர் மக்களின் மனநிலை முன்னேறியிருக்கிறதா, அப்படியேதான் இருக்கிறதா, மோசமாகியிருக்கிறதா? மூன்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும். முகாமைத் தொடாதீர்கள், தொட்டால் தண்ணீர் போய்விடும் என்றவரை எதில் சேர்ப்பது? பிச்சைத் தண்ணீர் என்று சொல்லிவிட்டு முதல் குடம் பிடித்தவரை எதில் சேர்ப்பது? அண்ணியை எதில் சேர்ப்பது? அண்ணி போர்டைப் படித்தே இருக்க மாட்டார்.

நீங்கள் அங்கேயே இருக்கிறீர்கள். ஒரு வார்த்தையில் சொல்லுங்கள். மாதக் கடைசிக்குள் வேண்டும்.

தங்கை

பின்குறிப்பு: அண்ணி பேசுகிறாரா, இன்னும் தட்டுதானா?

*

மே 22

தங்கைக்கு,

பேசுகிறாள். "மூணாவது கையும் பூசுங்க, நிழல் தெரியுது" என்றாள். அதுதான் முதல் பேச்சு.

பூசிவிட்டேன். போர்டின் மேல்பாதி இப்போது வெறும் வெள்ளை. கீழே கறுப்பில், அலங்காரம் இல்லாமல், அந்த அம்மா கேட்டதை மட்டும் எழுதினேன். "ஊர்: காலை 6 முதல் 8 வரை. முகாம்: காலை 8 முதல் 12 வரை." இத்தனை வருடத் தொழிலில் இவ்வளவு வறட்சியான போர்டை நான் எழுதியது இல்லை. மேல்பாதியில் என்ன எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை. வழிப்போக்கர்கள் தண்ணீர் குடிக்க நின்று, "யாரோட தொட்டிங்க இது?" என்று கேட்கிறார்கள். போர்டில் இல்லாததால் யாராவது வாயைத் திறந்து சொல்ல வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் நான். ஒரு நாள் ஒழுங்காகச் சொல்கிறேன். ஒரு நாள் எரிச்சலாகச் சொல்கிறேன். நேற்று முன்தினம் ஒரு லாரி டிரைவர் கேட்டபோது நான் வாயைத் திறப்பதற்குள் டயர்க்கடைக்காரர், "எங்களுது இல்ல" என்றார். யாருடையது என்று சொல்லவில்லை. அதுவரைக்கும்தான் அவரால் வர முடிந்தது. நல்லெண்ணமா வெறுப்பா என்று அவர் முகத்தில் தேடினேன். அது வெறும் டயர்க்கடைக்காரர் முகம்.

அந்த அம்மாவிடமே ஒருநாள் கேட்டேன், நீங்கள் சொல்லுங்கள், இது யாருடைய தண்ணீர் என்று. "தரை உங்களுது, தொட்டி ஆபீஸுது, குழாய் எந்த நாட்டுதோ. சாவி மட்டும் எங்கிட்ட இருக்கு. எனக்கே குழப்பமா இருக்குங்க" என்றார். ஆக, இந்த விஷயத்தில் குழம்பாத ஆள் உன் மேலதிகாரி மட்டும்தான்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். ஒரு வார்த்தை என்னிடம் இல்லை. இன்று காலை நடந்ததைச் சொல்கிறேன், நீயே பார்த்து எதிலாவது போட்டுக்கொள்.

கூட்டத்துக்குப் பிறகு எனக்கு யாரும் வழி விடுவதில்லை. விட வேண்டியதும் இல்லை. வரிசையின் கடைசியில் நின்றேன். எனக்கு முன்னால் டீக்கடைக்காரர், அவர் சாவகாசமாக ரெண்டு கேன் பிடித்தார். என் முறை வந்தது. குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்தேன். நேரம் முடிந்துவிட்டது. அந்த அம்மா கட்டுப் பிரித்த கையால் வால்வை மூடினார்.

அந்தப் பக்கம் முகாம்காரர்கள் குடங்களோடு நிற்கிறார்கள். இந்தப் பக்கம் என் தெரு மொத்தமும் திரும்பிப் பார்க்கிறது. ஒரு குடம்தானே, உன் அண்ணனுக்காக ஒரு நிமிஷம் திறக்கமாட்டாரா? பழைய போர்டு இருந்தபோது என்றால் தெருவே அவரைத் திறக்க வைத்திருக்கும்.

"ஒரு குடம்தாம்மா" என்றேன்.

அவர் போர்டைக் காட்டினார். என் கறுப்பு எழுத்தை. "பஸ் போயிடுச்சுங்க. நாளைக்கு முதல் பஸ்ஸுக்கு வாங்க" என்றார். குரல் நடுங்கவில்லை. முகாம்காரர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். நம் தெருவிலும் சிரித்தார்கள்.

எல்லோரும் பார்க்க, என் எழுத்தைக் காட்டியே என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்! எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வழி நெடுகத் தேடிப் பார்த்தேன், வரவில்லை. வந்தது என்னவென்று எனக்குப் பேர் தெரியவில்லை, சந்தோஷம் மாதிரித்தான் இருந்தது. வெறும் குடத்தோடு வீட்டுக்கு வந்தேன். உன் அண்ணி எட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணி எங்க?" என்றாள்.

"தர மாட்டேன்னுட்டாங்க" என்றேன்.

அவள் குடத்தை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நல்லதாப் போச்சு. நாளைக்குச் சீக்கிரம் எந்திரிங்க" என்றாள்.

அண்ணன்